பிரீனாவின் டீமில் ஒரு கல்யாணம்

மார்த்தாண்டத்தில் என் பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் வீடு. கல்லாவில் உட்கார்ந்திருந்தால் தலைக்கு மேலே என் மனைவி நடப்பது கேட்கும். பிரீனா உட்கார்ந்து வேலை பார்க்கிற ரகமில்லை. காதில் போன் கருவியை மாட்டிக்கொண்டு ஹாலிலிருந்து அடுக்களைக்கும் அடுக்களையிலிருந்து பால்கனிக்கும் நடந்துகொண்டே பேசுவாள். நிதானமாக நடந்தால் வேலை ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம். தடதடவென்று நடந்தால் யாரோ சொன்ன தேதியில் சொன்னதை முடிக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்து, "அண்ணே, மேல வேலை நடக்கா?" என்று கேட்பதுண்டு. நடக்கிறது, ஆனால் கொத்தனார் வேலை இல்லை என்பேன்.

அவள் ஐ.டி. கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். கல்யாணமான புதிதில் அது என்ன வேலை என்று கேட்டேன். "பத்துப்பேரு சேந்து செய்யவேண்டிய வேலையை, பத்துப்பேரும் சேந்துதான் செய்யுகாங்களான்னு பாக்கது" என்றாள். அப்படியென்றால் கங்காணி வேலை என்று சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சாப்பாடு மட்டும்தான் வந்தது, பேச்சு வரவில்லை.

தலைமை அலுவலகம் சென்னையில். நாகர்கோவிலில் ஒரு சின்னக் கிளை. அந்தக் கிளை வரவேண்டும் என்று தொண்டை வற்றக் கத்தியவர்களில் இவளும் ஒருத்தி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இன்ஜினியரிங் முடித்த கையோடு பெங்களூருக்கு ஓடும், இல்லையென்றால் கல்ஃபுக்கு ஓடும். ஊரிலிருந்தே பஸ்ஸேறிப் போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரி சொந்தக் கட்டிலில் படுக்கிற மாதிரி ஒரு வேலை வேண்டும் என்பது அவளுடைய வெறி. வெறி என்றுதான் சொல்ல வேண்டும், வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை. வாரத்தில் பாதி நாள் அவளும் பஸ்ஸில் நாகர்கோவில் போவாள். மீதி நாள் என் தலைக்கு மேலே.

டீமை அவள் வீடு போலத்தான் நடத்தினாள். யாருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், யார் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துபடி. ஒரு பெரிய வேலை முடிந்தால் இங்கே என் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வெந்து, தூக்குவாளியில் நாகர்கோவில் போகும். எனக்கு ஒரு தட்டு மிஞ்சினால் அதிர்ஷ்டம். இவ்வளவு ஒட்டுதல் ஆபீசுக்கு ஆகாது என்று நான் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

அந்த டீமில் லிஜா என்று ஒரு பெண். அஞ்சுகிராமத்துக்காரி. அவள் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பது அவள் வேலை. பிடித்தால், டீம் முழுக்கப் பார்க்கிற, சென்னைக்காரர்களும் வெளிநாட்டுக் கிளையண்டும் பார்க்கிற பொது இடத்தில், யாருடைய வேலையில் என்ன தப்பு என்று பெயரோடு எழுதிவிட வேண்டும். 'பக் போடுவது' என்று அதற்குப் பெயர். லிஜா அதிகமாக பக் போட்டது பிரபின் மேல். பிரபின் எங்கள் சபைப் பையன், இரண்டு தெரு தள்ளி வீடு. கையில் வேகம் உண்டு, கவனம் கொஞ்சம் குறைவு. இவள் எழுத, அவன் மறுக்க, இவள் திரையைப் படம் எடுத்துப் போட, தினமும் கூத்துதான்.

மற்ற மேனேஜராக இருந்தால் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கண்டித்திருப்பார்கள். என் மனைவி இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசினாள்.

"சண்டையைப் பாத்தா தெரியல்லியா? இது சேரவேண்டிய ஜோடியாக்கும்" என்றாள். பிரபினுடைய அம்மா நேசபாய் உடனே சம்மதித்தாள். லிஜாவின் அப்பா இஸ்ரவேலிடம் பேச நான்தான் பிரீனாவைக் காரில் ஏற்றிக்கொண்டு அஞ்சுகிராமம் போனேன். அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏத்தன்பழமும் சாயாவும் தந்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"பையன் ஊருல நிக்கணும். மூத்தவளை குவைத்துக்காரனுக்குக் குடுத்தேன். அவ போனுலதான் குடும்பம் நடத்துகா. பிள்ளைங்க அப்பன்னு சொன்னா செல்போனைக் காட்டுது. இனி ஒரு கல்ஃப்காரனுக்கு நான் பெண்ணு குடுக்க மாட்டேன்."

"நான் இருக்கேம்லா மாமா. பிரபின் நாகர்கோவிலை விட்டு எங்கயும் போகமாட்டான். அது எனக்க பொறுப்பு" என்றாள் பிரீனா.

நிச்சயம் நடந்தது. அதற்குப் பிறகு பிரபின் மேல் பக் வருவது நின்றுபோனது. பிரீனா தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டாள். "பாத்தியளா, ஒரு மோதிரம் போட்டதும் பயலுக்குக் கவனம் வந்தாச்சு" என்று என்னிடம் பெருமை அடித்தாள். சென்னையில் அவளுடைய டீமைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

பிறகுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

அவர்களுடைய கிளையண்ட் ஹாலந்தில் ஒரு மருந்துக்கடைக் கம்பெனி. வயதானவர்களுக்கு வீட்டுக்கே மருந்து அனுப்புகிறவர்கள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு மருந்து போனால், ஒருவருடைய மாத்திரைப் பொட்டலத்தில் மற்றவர் பெயர் அச்சாகிப் போயிருக்கிறது. கிழவருடைய இதய மாத்திரை கிழவி பெயரில், கிழவியின் சர்க்கரை மாத்திரை கிழவர் பெயரில். ஏதோ ஒரு வீட்டில் அந்த அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிந்ததால் விஷயம் வெளியே வந்தது. அப்புறம் தேடிப் பார்த்தால் இன்னும் பல வீடுகள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது கடவுள் செயல். பிரபின் எழுதிய பகுதியில்தான் அந்த ஓட்டை.

அன்றைக்கு மத்தியானம் தலைக்கு மேலே தடதடவென்று கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கடைப்பையனிடம் சொல்லிவிட்டு மேலே ஓடினேன். பிரீனா அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் குழம்பு கரிந்துகொண்டிருந்தது. முதலில் அடுப்பை அணைத்தேன்.

"லிஜா இப்ப போனுல விளிச்சா" என்றாள். "அவ இதை முன்னாடியே கண்டுபிடிச்சிட்டா. கல்யாணச் சேலை எடுக்கப் பேசிட்டிருந்தப்ப போனுல அவன்கிட்ட சொல்லியிருக்கா. அவன் சரி பண்ணுகேன்னு சொல்லியிருக்கான். பொறவு பேச்சு சமையல்காரரைப் பத்தித் திரும்பிருக்கு. அவன் மறந்துட்டான். அவளும் திருப்பிக் கேக்கல்ல."

"ஏன் பக் போடல்ல?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'அக்கா, மோதிரம் போட்ட பொறவு எல்லாரும் பாக்கிற எடத்துல அவருக்க பேரைப் போட்டு இன்னது தப்புன்னு எழுத எனக்கு கை வரல்ல'ன்னு சொல்லுகா. நிச்சயத்துக்குப் பொறவு வந்த எல்லா பக்கையும் போனுலதான் சொல்லியிருக்கா. மத்ததெல்லாம் சரி பண்ணிட்டான். இது ஒண்ணு விட்டுப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் எந்தப் பெண்தான் கட்டிக்கொள்ளப் போகிறவனை நாலு பேர் முன்னால் குற்றம் சொல்வாள்? தனியாக இருக்கும்போது நல்ல கிழி கிழிப்பாள், அது வேறு.

சிரிக்கிற விஷயமாக அது இல்லை. சென்னையில் பிரீனாவுக்கு மேலே இருப்பவர் ஸ்ரீவத்ஸன். திங்கட்கிழமை கிளையண்டோடு கூட்டம், அதற்குள் இது ஏன் நடந்தது, யாரால் நடந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். போனை அவள் சத்தமாக வைத்ததால் நானும் கேட்டேன்.

"எனக்கு ஒரு பேர் வேணும் பிரீனா. ஒரு ஆளை இந்தப் புராஜெக்டிலேருந்து எடுத்துட்டோம்னு சொன்னாத்தான் அவங்க அடங்குவாங்க. ஒரே ஒரு பேர்."

இப்போது இருக்கிற நிலைமையில் புராஜெக்டிலிருந்து எடுப்பது என்றால் வீட்டுக்கு அனுப்புவது என்றே அர்த்தம். அது எனக்கே தெரியும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மறந்தவன் பிரபின். அவன் பேரைக் குடு" என்றேன்.

"அவனுக்க சித்தப்பா மகன் கத்தார்ல இருந்து வா வான்னு விளிச்சிட்டே இருக்கான். இஞ்ச வேலை போனா அடுத்த மாசம் பிளைட் ஏறிருவான். இஸ்ரவேல் மாமா அதோட கல்யாணத்தை நிறுத்திருவாரு."

"அப்பம் லிஜா பேரைக் குடு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கதவு வரைக்கும் பின்னால் போனேன். "தப்பைக் கண்டுபிடிச்ச ஒரே ஆளு அவதான். அவளையா வெட்டிவிடச் சொல்லுதீங்க?"

வெள்ளி, சனி இரண்டு நாளும் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல முடியாது, கால் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நாகர்கோவில் போகக் கிளம்பியவள் எதிர்த்திசையில் களியக்காவிளை பஸ்ஸில் ஏறி, கேரள எல்லை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். தேங்காய் துருவ உட்காருவாள், பாதியில் எழுந்து போய் கம்ப்யூட்டரைத் திறப்பாள், ஒரு வரி எழுதி அழிப்பாள். துருவிய பாதித் தேங்காயை நான் எடுத்து பிரிட்ஜில் வைப்பேன். ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பதுபோல ஒரு கஷ்டம் கிடையாது. எனக்கு ஸ்ரீவத்ஸன் மேல் வந்த கோபத்தை ஒரு பிரைமர் டப்பா மேல் காட்டி மூடியை நெளித்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பிரபின் கடைக்கு வந்தான். பெயிண்ட் கேட்கிறவன்போல வண்ண அட்டையைப் புரட்டிக்கொண்டே நின்றான்.

"அண்ணா, எனக்க பேரைக் குடுக்கச் சொல்லுங்க. லிஜாவுக்க பேரு மட்டும் வரக்கூடாது."

"அதை நீ மேல போய்ச் சொல்லு மக்கா."

போனான். கொஞ்ச நேரத்தில் பிரீனாவின் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. "நீ அவளை மறைக்கே, அவ ஒன்னை மறைக்கா! காலையில அவ விளிச்சு அவளுக்க பேரைக் குடுக்கச் சொல்லுகா. ஏலே, நீங்க ரெண்டுபேரும் ஒருத்தரை ஒருத்தர் மறைச்சதாலதான் இது இங்க வந்து நிக்கி!" பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. ஆராதனையில் அவளை உட்கார வைப்பதே பெரிய பாடாகிவிட்டது. பாட்டுப் புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிப்பார்கள். அன்றைக்குப் பிரபினுக்கும் லிஜாவுக்கும் இரண்டாவது அறிவிப்பு. நான் அதை மறந்தே போயிருந்தேன். போதகர் இரண்டு பேருடைய பெயரையும் ஊரையும் வாசித்தார். "இவர்கள் விவாகம் செய்துகொள்ள யாதொரு தடையும் உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே தெரியப்படுத்த வேண்டும்" என்றார்.

பிரீனா எழுந்து நின்றாள்.

நான் சேலையைப் பிடித்து இழுத்தேன், அகப்படவில்லை. கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றினார். முன்வரிசையில் நேசபாயின் முகம் வெளுத்துப்போனது. பிரீனா எதையும் கவனிக்காமல் நடுவழியில் நடந்து வெளியே போய்விட்டாள். அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

நான் போதகரைப் பார்த்து ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு வெளியே ஓடினேன். எனக்குப் பின்னால் நேசபாய் மூச்சு வாங்க வந்தாள்.

"ஏட்டி பிரீனா, எதாவது உண்டா? பெண்ணுக்கு எதாவது... சொல்லு மக்கா, நான் தாங்கிக்கிடுவேன்."

"பெண்ணு தங்கம் மாமி. தடை ஒண்ணும் இல்ல. எனக்கு உள்ள இருக்க முடியல்ல, அவ்வளவுதான். நீங்க உள்ள போங்க."

நேசபாய் என்னைப் பார்த்தாள். நானும் தலையை ஆட்டினேன். அவள் அரைமனதாக உள்ளே போனாள்.

பிரீனா வண்டிகள் நிற்கிற இடத்தில் இங்கும் அங்கும் நடந்தாள். "போதகரு கேட்டாருல்லா, தெரிஞ்சவங்க சொல்லணும்னு" என்றாள். "சபையில அதைக் கேக்காங்க. எனக்க டீம்ல நான் கேக்கல்ல. சொல்லவேண்டியவளுக்க வாயை அடைச்சது நானாக்கும்."

"நீ என்ன செய்தே? நல்லது தானே செய்தே?"

"கட்டப்போறவனுக்க வேலையில குத்தம் கண்டுபிடிக்க அவளையே விட்டது யாரு? நிச்சயத்துக்கு மறுநாளே லிஜாவை வேற ஆளுக்க வேலைக்கு மாத்திருக்கணும். மேனேஜருன்னு ஒருத்தி இருக்கது அதுக்குத்தான். நான் மாமியாரு மாதிரி சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன். பக் வராததும் நின்னு யோசிச்சேனா? இல்ல. பெருமை பேசினேன். அவனுக்க மறதி ஒரு நாள் மறதி. எனக்க மறதி நிச்சயத்துல இருந்து நேத்து வரைக்கும்."

"அதுக்கு உனக்க பேரையா குடுப்பே?"

"வேற யாரு பேரு?"

எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் கட்டிய டீம், அவள் கத்திக் கொண்டுவந்த கிளை, எல்லாவற்றையும் இரண்டு பிள்ளைகளின் கல்யாணத்துக்காகத் தூக்கிப் போடுகிறாளே என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கோவில் வாசல் என்றும் பார்க்கவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள். "கல்யாணத்துக்காக இல்ல. உண்மை அதுதான்" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை கூட்டத்தை அவள் வீட்டிலிருந்தே நடத்தினாள். நான் கடையை விட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னாள். லிஜா பார்த்ததையும் போனில் சொன்னதையும் பிரபின் மறந்ததையும், எதையும் மறைக்கவில்லை. இரண்டு பேரும் இப்படிச் செய்ய வழி விட்டது தான் என்றும், எடுக்க வேண்டிய பெயர் தன்னுடையது என்றும் சொல்லி முடித்தாள்.

ஸ்ரீவத்ஸனுக்குக் கோபம் தாங்கவில்லை. கிளையண்ட் பக்கத்து அம்மா அவரைப் பேச விடாமல் ஒரு கேள்வி கேட்டாள். இவர்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போவது மேனேஜருக்குத் தெரியுமா என்று. நான்தான் பேசி முடித்தேன் என்றாள் பிரீனா. அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டாள். பிரீனா திரும்பச் சொன்னாள். மூன்றாம் தடவையும் கேட்டபோது படியில் உட்கார்ந்திருந்த எனக்கே வெட்கமாகிவிட்டது.

முடிவு சாயங்காலம் வந்தது. லிஜாவும் பிரபினும் இருக்கலாம், ஆனால் ஒருவர் வேலையை மற்றவர் தொடக்கூடாது. பிரீனா இனி மேனேஜர் இல்லை. அதே டீமில் முன்பு பார்த்த புரோகிராம் எழுதும் வேலைக்குத் திரும்பினால் வைத்துக்கொள்வார்கள். சென்னையிலிருந்து புது மேனேஜர் வருவார். அவள் யோசிக்காமல் சரி என்றாள். இரவு சாப்பிடும்போது அழுதாள். நான் இன்னொரு தோசை வைத்தேன்.

கல்யாணம் சொன்ன நாளில் நடந்தது. இஸ்ரவேல் பந்தியில் பிரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் பிரபின் சொன்னான் மக்கா. பையன் ஊருல நிக்கான். ஒனக்கு நான் என்ன செய்யணும்?" என்றார். "பாயசம் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்க மாமா" என்றாள்.

புரோகிராம் எழுதுவது அவளுக்கு விட்டுப்போன வேலை. புதியவர்களோடு போட்டி போட்டு ராப்பகலாகப் படித்தாள். அவள் எழுதுவதைச் சோதிக்கும் டெஸ்டராக லிஜாவைப் போட்டிருந்தார்கள். முதல் வேலையை முடித்து அனுப்பிய மறுநாள் மத்தியானம், நான் ஒரு வீட்டுக்காரருக்கு வாசல் கதவுக்கு நிறம் கலந்துகொண்டிருந்தபோது, போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கே இறங்கி வந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

"இஞ்ச பாருங்க. லிஜா எனக்க மேல பக் போட்டிருக்கா. ஒண்ணு இல்ல, வரிசையா. அடிப்படையான சோதனை கூடச் செய்யாம அனுப்பியிருக்குன்னு எழுதியிருக்கா. சென்னை பாக்குது, ஹாலந்து பாக்குது. இவளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சவ நான். ஒரு போன் பண்ணி, 'அக்கா, இப்பிடி இருக்கு, பாத்துக்கிடுங்க'ன்னு தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

நான் கலக்குவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, லிஜா எழுதியதை முதலிலிருந்து மறுபடி வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஒன்றில்கூட மறுத்துப் பேச வழியில்லை என்றாள். பிறகு போனை என் முன்னால் நீட்டினாள்.

"எனக்க பேரை முழுசா எழுதியிருக்கா, பாருங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. ஆனாலும் சொந்த மகள் பரீட்சையில் ஜெயித்ததைச் சொல்கிறவள் போலத்தான் சொன்னாள்.